நஞ்சப்பன் அணைத்த கற்பூரம்

கண்ணுகளா, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது திடீரென்று நெஞ்சு அடைத்து, விரல் மரத்து, மூச்சு தொண்டையிலேயே நின்று, இதோ செத்தேன் என்று தோன்றினால், போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வாருங்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் அப்புறம் பயப்படவே வேண்டாம். அது ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கிவிடும். சாவு மாதிரி இருக்குமே தவிர சாவு இல்லை. இந்தக் கதையில் ஒருத்திக்கு இது தெரியும். தெரிந்தும் ஒருத்தனுக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள். ஏன் வைத்திருந்தாள் என்று கேளுங்கள்.

அவள் பெயர் சசிகலா. இண்டூரில் மாவு மில் நடத்துகிறாள். கேழ்வரகு, கம்பு, மிளகாய், மல்லி, எது கொண்டுபோனாலும் அரைத்துத் தருவாள். புருஷன் அறிவழகனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. ஒரே மகள் வெண்மதி. ஒரே மகளாக இருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

ஒரு நாள் தாயும் மகளும் ஸ்கூட்டியில் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், வெண்மதியை நர்சிங் காலேஜில் சேர்க்க. தொப்பூர் இறக்கத்தில் முன்னால் ஏதோ வண்டி கவிழ்ந்து கிடந்ததால் வரிசையாக எல்லா வண்டியும் நின்றுவிட்டது. "என்னான்னு பாத்துட்டு வரேன், நீ வண்டியப் புடி" என்று சசிகலா இறங்கி நாலு எட்டு முன்னால் நடந்தாள். எதற்கென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தாள். லாரி வந்துகொண்டிருந்தது. அத்தனை பெரிய நெல் லோடு. இன்ஜின் சத்தம் இல்லை. ஆரன் இல்லை. வெள்ளத்தில் மரம் மிதந்து வருமே, அப்படி வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த லாரி நஞ்சப்பனுடையது. சொந்த லாரி, ஓட்டினவனும் அவனே. அவனும் இண்டூர்க்காரன்தான். சசிகலா அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் முறை.

தொப்பூரில் லாரி எப்படி இறங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கியரைப் போட்டு, இன்ஜின் முனகிக்கொண்டே, ஊர்ந்து இறங்க வேண்டும். ஆனால் சில பேர் உச்சியிலேயே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிவிடுவார்கள். அடிவாரம் வரைக்கும் டீசல் மிச்சம். வண்டியில் பிரேக் பிடிக்கிற காற்றை அடைப்பது இன்ஜின்தான். இன்ஜின் செத்துக் கிடந்தால், நாலு தடவை பிரேக்கை மிதித்ததும் காற்று தீர்ந்துவிடும். ஆரனுக்கும் அதே காற்றுதான். அப்புறம் லாரி சத்தமில்லாமல்தான் வரும்.

"நியூட்ரல்லதான் வந்தான். சத்தமே இல்லாம வந்தான்" என்று சசிகலா போலீசிலும் சொன்னாள், ஊரிலும் சொன்னாள்.

"பிரேக் பெயிலியர். கியர்லதான் வந்தேன், புடிக்கல" என்றான் நஞ்சப்பன்.

லாரி நசுங்கிக் கிடந்த கிடப்பில் எதையும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஊர்க் கவுண்டர் மாதேஸ்வரன் இரண்டு தரப்பையும் முனியப்பன் கோயிலுக்கு அழைத்தார். அந்த ஊரில் அதுதான் வழக்கம். தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திச் சாமி முன்னால் வைப்பார்கள். சொல்கிறவன் சொல்லவேண்டியதைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவனை முனியப்பன் மூச்சைப் பிடித்துக் கொண்டுபோவார் என்று நம்பிக்கை. நஞ்சப்பன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். "நான் நியூட்ரல்ல வரல" என்று சொல்லி ஒரே அடியில் கற்பூரத்தை அணைத்தான்.

அவ்வளவுதான். ஊர் நம்பிவிட்டது. கோர்ட்டில் கேஸ் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆனால் ஊரைப் பொறுத்தவரை கேஸ் முடிந்துபோனது. அறிவழகனே, "சாமி முன்னால சொல்லிட்டான், வுட்டுரு சசி. நம்ம புள்ளைக்கு விதி அவ்வளவுதான்" என்றான். அதற்குப் பிறகு சசிகலா அவனோடு அதைப் பற்றிப் பேசியதில்லை. இவ்வளவு பெரிய லாரி சத்தமில்லாமல் வருமா, மகளைப் பறிகொடுத்ததில் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பெண்கள் குழாயடியில் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபம் அவளுக்கு நெருப்பாக இருந்தது. வேறெதுவும் அவளுக்கு வேண்டாம். நஞ்சப்பன் தன் வாயால், அதே ஊர் முன்னால், நியூட்ரலில் வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதை இரண்டு காதாலும் கேட்க வேண்டும்.

இதற்கிடையில் அவள் உடம்புக்குள் வேறொன்று குடியேறியிருந்தது.

லாரி ஆரன் கேட்டால் அவள் பயந்துபோவாள் என்று ஊரில் எல்லோரும் நினைத்து, அவள் எதிரில் பைக் ஆரன்கூட அடிக்காமல் போனார்கள். அவர்களுக்குத் தெரியவில்லை. இன்ஜின் உறுமினால் அவளுக்கு நிம்மதி. வண்டி கியரில் இருக்கிறது என்று அர்த்தம். அவளை அடித்துப்போட்டது சத்தம் நிற்கிற நொடி. மில்லில் கரண்டு போகும். பெல்ட் தளர்ந்து, மோட்டார் முனகி, அமைதியாகும். அந்த அமைதிக்குள்ளிருந்து லாரி வரும். நெஞ்சு அடைக்கும், விரல்கள் கோழிக் கால் மாதிரி உள்பக்கம் மடங்கிக்கொள்ளும், உதடு மரத்துப்போகும். முதல் தடவை மாவு மூட்டைமேல் விழுந்து கிடந்தாள். மில்லில் கூட வேலை செய்கிற மாதம்மாள்தான் தூக்கி ஆட்டோவில் போட்டுத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் மனநல டாக்டர் பானுமதி இருந்தார்.

"செத்துருவேன்னு தோணுச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

"செத்தாத் தேவலன்னு இருந்துச்சுங்க. ஆனா பயமா இருந்துச்சு."

"சாக மாட்டீங்க. இது ஏறி, தானா எறங்கிடும். வரும்போது ஓடாதீங்க, ஓடினா தொரத்தும். அப்படியே உக்காந்து மூச்சை மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுக்கறதைப் பத்திக் கவலையே வேணாம். கண்ணுல படறதையெல்லாம் பேர் சொல்லுங்க. நீங்க இப்ப எங்க இருக்கீங்கன்னு உங்க உடம்புக்குச் சொல்லிக்குடுக்கணும். அது இன்னும் தொப்பூர்லயே நிக்குது."

மாத்திரையும் கொடுத்தார். சசிகலா ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஒழுங்காகப் போய்வந்தாள். பிழைக்க வேண்டும் என்கிற ஆசையினால் அல்ல. நஞ்சப்பனுக்கு முன்னால் தான் போய்விடக்கூடாது என்று.

கரண்டு போனால் இப்போது அவள் மூட்டைமேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்வாள். "கேவுரு. கம்பு. மொளகா. சல்லடை. மாதம்மா."

"நான் கடைசியா? கேவுருக்கு அப்பறந்தான் நானா?" என்பாள் மாதம்மாள். "ஏன்க்கா, தெனமும் பாக்கற மூட்டைக்கு இன்னிக்குத்தான் பேர் வெக்கறியா?"

"சும்மா இருடி. எறங்கற நேரத்துல சிரிக்க வெக்காத."

"சிரிச்சா எறங்காதா? டாக்டரம்மாவைக் கேட்டியா?"

இப்படித்தான் அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொண்டாள். வராமல் போகவில்லை. வந்தாலும் அவளால் நிற்க முடிந்தது.

ஒரு நாள் தருமபுரியிலிருந்து டவுன் பஸ்சில் வந்துகொண்டிருந்தாள். வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். பஸ்சுக்குள் சட்டென்று அமைதி. சசிகலா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கம்பி. டிக்கெட்டு. வாழத்தாரு" என்று முணுமுணுக்கத் தொடங்கினாள். அப்போது பின்பக்கப் படிக்கட்டில் ஒரு ஆள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே குதித்தான். நஞ்சப்பன். ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் பிய்த்தான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி சுகுணா ஓடிப்போய் முந்தானையால் விசிறினாள். "பிரஷரு போல, தண்ணி குடுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

சசிகலா ஜன்னல் வழியாக அவன் விரல்களைப் பார்த்தாள். கோழிக் கால் மாதிரி உள்ளே மடங்கியிருந்தன.

அவளுக்கு வந்தது அப்படியே நின்றுவிட்டது. மூச்சு நிதானமாக வந்தது. 'ஓகோ' என்று நினைத்தாள். 'இன்ஜின் அணைஞ்சதும் ஒனக்கும் வருதா? கியர்ல வந்தவனுக்கு இன்ஜின் நின்னா என்னத்துக்குடா வரணும்?' அவனும் அந்த அமைதிக்குள்தான் இருந்திருக்கிறான். லாரிக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான்.

மறுநாள் மாதம்மாள் மில்லுக்கு வந்ததும் சேதியை அவிழ்த்தாள்.

"நஞ்சப்பனுக்கு ரொம்ப நாளாவே இப்படித்தானாம்க்கா. லாரிக்கு வேற டிரைவர் போட்டுட்டான். சேலம், பெங்களூரு எல்லாம் போயி நெஞ்சைப் பாத்துட்டாங்களாம். சுத்தமா இருக்குதாம். அங்க வேற டாக்டர்கிட்டப் போகச் சொன்னாங்களாம், நான் என்ன பைத்தியமான்னு எந்திரிச்சு வந்துட்டானாம்."

"அவன் என்னான்னு நெனக்கறான்?"

மாதம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "முனியப்பன் மூச்சைப் புடிக்கறாருன்னு நெனக்கறானாம். கோயில் பக்கமே காலு வெக்கறதில்ல. சுத்திக்கிட்டு ஏரிக்கரை வழியா வூட்டுக்குப் போறான்."

"எதுக்குச் சாமி அவன் மூச்சைப் புடிக்கணும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் மாதம்மாள். அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் ஓடியது.

அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் பானுமதி கேட்டார்: "உங்க ஊர்ல இப்படி யாருக்காவது இருந்தாக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. பாதிப் பேரு மாரடைப்புன்னு நெனச்சுப் பயந்தே கெடக்கறாங்க. சாவு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாலே பாதி குணம்."

"யாரும் இல்லீங்க டாக்டர்" என்றாள் சசிகலா.

அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டு சுகுணாவே ஒரு நாள் மில்லுக்கு வந்தாள். அரைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா, ஒனக்கும் இதே மாதிரி வருதுன்னு சொல்றாங்க. நீ எந்த டாக்டருகிட்டப் போறக்கா? என்ன மாத்திரை? அவரு தூங்கி எத்தன நாளாச்சு. செத்துருவேன் செத்துருவேன்னு என் கையப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருக்காரு."

சசிகலா மாவைச் சாக்கில் தள்ளிக்கொண்டே சொன்னாள். "எனக்கு வர்றது வேற சுகுணா. எங் கண்ணு முன்னால எம் மக செத்தா. எனக்கு வருது. ஒம் புருசனுக்கு எது செத்துச்சு?"

"பிரேக்கு புடிக்கலக்கா. சாமி முன்னால சொன்னாரில்ல?"

"அப்பறம் என்ன? சாமிகிட்டயே போயிக் கேளு."

சுகுணா நின்றாள். கண்ணைத் துடைத்தாள். கேழ்வரகு மாவு அவள் தலையெல்லாம் படிந்து, ஒரே நாளில் நரைத்தவள்போல இருந்தாள். அப்புறம் போய்விட்டாள்.

"பாவம்க்கா அவ" என்றாள் மாதம்மாள்.

"பாவந்தான்."

"டாக்டர் பேரையாச்சும் சொல்லிருக்கலாம்."

"சொல்லுவேன்" என்றாள் சசிகலா. "நேரம் வரட்டும்."

பங்குனியில் முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பார்கள். வகையறா வகையறாவாக முறை வரும். அந்த வருஷம் முதல் பொங்கல் நஞ்சப்பன் வகையறாவுக்கு. அண்ணன் தம்பி என்று வேறு ஆள் இல்லை, அவன்தான் பானையைத் தூக்கிக்கொண்டு சாமி முன்னால் நிற்க வேண்டும். வராமலிருந்தால் ஊர் காரணம் கேட்கும். ஊர் ஏற்கனவே பாதி கேட்கத் தொடங்கியிருந்தது. அதனால் வந்தான். சவரம் செய்துகொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தான்.

நடுப்பகல். பம்பைக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. சசிகலா பெண்கள் பக்கம் நின்றாள். அவன் பானையை ஏந்தி நின்ற இடம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. தீபாராதனைக்கு முன்னால் பூசாரி கையைத் தூக்குவார். தூக்கியதும் பம்பை மொத்தமும் ஒரே அடியில் நின்றுவிடும். அந்த அமைதியில்தான் கற்பூரம் ஏற்றுவார்கள். எப்போதும் நடப்பதுதான். சசிகலா அந்தக் கைக்காகவே காத்துக்கொண்டிருந்தாள்.

கை உயர்ந்தது. பம்பை நின்றது.

அவளுக்கு வந்தது. நெஞ்சு அடைத்தது, விரல் மடங்கியது, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து லாரி வந்தது. மடங்கின விரலோடு மாதம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். "மஞ்சத் துணி. வேலு. எலுமிச்சம்பழம். பான."

பானை என்று சொல்லும்போதே பானை விழுந்து உடைந்தது. வெந்த அரிசி மண்ணில் சிதறியது. நஞ்சப்பன் முட்டிபோட்டு உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "முனியப்பா… முனியப்பா…" என்றான். சுகுணா அலறினாள். "நூத்தியெட்டுக்குப் போனப் போடுங்க!" என்று ஒருவன் கத்தினான்.

அவளுக்கு அது எப்படிப் போகும் என்று தெரியும், கண்ணுகளா. இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறும். உச்சியில் கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் அவன் எழுந்து, தண்ணீர் குடித்து, வெயில் என்று சொல்லிவிடுவான். இறங்குவதற்குள் அவன் வாயிலிருந்து அதை வாங்க வேண்டும். தன் நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும்போதே, கால் தன்னுடையது இல்லை என்பதுபோல மரத்திருக்கும்போதே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் நடந்தாள். அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"நஞ்சப்பண்ணா. என்னப் பாருங்க."

அவன் பார்த்தான். அவன் கண்ணில் இருந்த பயத்தை அவள் கண்ணாடியில் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"சசி… போறேன் சசி… மூச்ச வுடமாட்டேங்கறாரு…"

"வெரலு இழுக்குதா?"

"ஆமா…"

"ஒதடு மரத்துப்போச்சா?"

"ஆமா… ஆமா…"

"இனிமே கண்ணு இருட்டும்ண்ணா. காது அடைக்கும். அடைக்குதா?"

அவன் தலை ஆடியது. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அவனுக்கு வந்தது.

"அதே சாமிதான். சொன்ன வார்த்தைய இங்கயே திருப்பி எடுத்துருங்க. எப்படி வந்தீங்க அன்னிக்கு?"

ஊர்க் கவுண்டர் குறுக்கே வந்தார். "ஏம்மா சசி, மனுசன் உசுருக்குப் போராடறான். இப்பத்தான் கேக்கோணுமா?"

"இப்ப வுட்டா எப்பங்க மாமா கேக்கறது?" என்றாள் அவள், அவனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சொல்லுங்கண்ணா. வாயில இத வெச்சிக்கிட்டுப் போயிராதீங்க."

"நியூட்ரல்…" என்றான்.

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நியூட்ரல்லதான் வந்தேன்! மேலயே இன்ஜின அணச்சிட்டேன்… எப்பவும் அப்படித்தான் எறக்குவேன்… காத்து தீந்துபோச்சு… ஆரன்கூட அடிக்கல… பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன் முனியப்பா, என்ன வுட்டுரு…"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அவள் கேட்க வந்தது அதுதான். கேட்டுவிட்டாள். எழுந்திருக்கலாம். ஆனால் அவன் நிறுத்தவில்லை. சாகிறவன் பாதியில் நிறுத்துவானா?

"வளைவுக்கு முன்னாடி பாறை இருந்துச்சு… ஒரசிக்கிட்டே நிறுத்திருக்கலாம்… லாரி பாடி புதுசாக் கட்டுனது, போயிருமேன்னு… சந்து கெடச்சிரும்னு நெனச்சு நடுவாலயே வுட்டேன்… புள்ள திரும்பிப் பாத்துச்சு சசி… என்னத்தான் பாத்துச்சு… எம் மூஞ்சியத்தான்…"

அன்றைக்குச் சசிகலாவின் கண் லாரிமேலேயே இருந்தது, வெண்மதி திரும்பிப் பார்த்தது அவளுக்கு அதுவரை தெரியாது. ஒன்றும் தெரியாமல் ஒரு நொடியில் போய்விட்டாள் என்பது மட்டும்தான் அவளிடம் மிச்சமிருந்தது. அதையும் அவன் பிடுங்கிக்கொண்டான். கேட்டு வாங்கியது அவள்தான்.

அவள் அசையவில்லை. அவன் மூச்சு மெல்ல மெல்ல நீள்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் விரிந்தன. உதட்டில் நிறம் திரும்பியது. ஆம்புலன்ஸில் வந்த பெண் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்குது" என்று சொன்னாள்.

நஞ்சப்பன் சுற்றிலும் பார்த்தான். ஊரே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தான் சாகவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

சசிகலா குனிந்து, டாக்டர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே, அக்கறையாகச் சொன்னாள். "இது சாவு இல்லண்ணா. ஏறும், எறங்கிரும். எனக்கும் இதேதான். இப்பவும் வந்துதான் உக்காந்திருக்கறேன். தருமபுரி பெரியாஸ்பத்திரி மாடியில பானுமதின்னு ஒரு டாக்டர் இருக்காங்க. நல்லாப் பாப்பாங்க. போங்க."

"ஒனக்கு… முன்னாடியே தெரியுமா?"

"பஸ்சுல ஒங்க வெரலப் பாத்த அன்னிக்கே தெரியும்."

"அன்னிக்கு மில்லுக்கு வந்து கேட்டனேக்கா!" என்று சுகுணா கத்தினாள். "கையெடுத்துக் கும்புடாத கொறையா கேட்டனே!"

"கேட்ட" என்றாள் சசிகலா. எழுந்தாள். கோயிலுக்குப் பின்னால் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மாதம்மாள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், ஒரு கேலியும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் போலீசில் போய்ச் சொன்னார்கள், ஊர்க் கவுண்டர் உட்பட. கோர்ட்டில் கேட்டபோது நஞ்சப்பன் மறுக்கவில்லை, தலையைக் குனிந்து நின்றான். தண்டனை இன்னும் சொல்லவில்லை. குழாயடியில் யாரும் சசிகலாவைப் பைத்தியம் என்று சொல்வதில்லை. அவளைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அறிவழகன் பெங்களூரிலிருந்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்து அழுதான். அவள் சோறு போட்டாள்.

அமைதி வந்தால் லாரி இன்னும் வருகிறது. இப்போது வெண்மதியும் திரும்பிப் பார்க்கிறாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் பானுமதி பேனாவை மூடி வைத்தார்.

"யாரும் இல்லன்னு என்கிட்டச் சொன்னீங்களே."

"சொன்னேங்க."

"அவரு எவ்வளவு வேதனப்பட்டிருப்பாருன்னு உங்களவிட யாருக்கும்மா தெரியும்?"

"அதனாலதாங்க." சசிகலா சேலை முனையைச் சரிசெய்துகொண்டாள். "டாக்டர், நான் இங்க வர்ற நாள வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்குடுங்க. அவரு வெள்ளிக்கிழம வர்றாராம், ஊர்ல சொன்னாங்க."

"எதுக்கு?"

"வெளிய பெஞ்சுல எதிர்ல உக்காரணும்."

"அது வைத்தியம் ஆகாது. அவருக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது."

"வைத்தியத்துக்குக் கேக்கலீங்க."

டாக்டர் மாற்றிக்கொடுக்கவில்லை. சசிகலா தன் பாட்டுக்கு மில்லை மாதம்மாளிடம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். மாடியில் மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். நஞ்சப்பன் சுகுணாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தான், அவளைப் பார்த்தான், அங்கேயே நின்றுவிட்டான். எதிர் பெஞ்சைத் தவிர வேறு இடம் இல்லை. வந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தான். அவன் விரல்கள் மெல்ல உள்பக்கம் மடங்கத் தொடங்கின.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும் போனாள்.

அன்றைக்குச் சுகுணா எழுந்து அவளிடம் வந்தாள். சண்டை போடுகிற குரல் இல்லை, களைத்துப்போன குரல்.

"எத்தன நாளைக்குக்கா இப்படி வருவ?"

"அவருக்கு நல்லாவற வரைக்கும்" என்றாள் சசிகலா.

"நீ இப்படி எதிர்லயே உக்காந்திருந்தா அவருக்கு எப்படிக்கா நல்லாவும்?"

சசிகலா கொஞ்சம் நகர்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.